சாகப் போகிற எலிக்குத் தீனி

ஜூன் 3, செவ்வாய்

காலை 7.40க்கு ஆம்புலன்ஸ் சேலம் கிளம்பியது. மகள் சிந்துஜாவோடு என் மனைவி ருக்மணி போயிருக்கிறாள். சிந்துவுக்கு இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. சேலத்தில் இந்த மாதிரி முறிவுக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறாராம், அவர் பார்த்தால்தான் சரிவரும் என்று இங்கே கோயமுத்தூரில் கைவிரித்துவிட்டார்கள். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது, பார்வை நேரம் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு மட்டும் என்று ருக்மணி சொன்னாள். அப்படியானால் நான் வீட்டில் இருந்துகொள்கிறேன் என்றேன். யாராவது இருக்க வேண்டுமே. பாம்பு இருக்கிறதே.

ஆமாம், பாம்பு. என் வீட்டில் பாம்பு இருக்கிறது என்று இந்த டைரியில் எழுத வேண்டி வரும் என்று முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்தபோது நினைத்ததே இல்லை. மலைப்பாம்பு வகை, வெளிநாட்டு இனம், விஷம் கிடையாது. வனத்துறையில் பதிவு செய்த காகிதமெல்லாம் சிந்து ஒழுங்காக வைத்திருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் கொண்டுவந்தபோது, "இந்த வீட்டுல ஒண்ணு பாம்பு, இல்லீன்னா நானு" என்று குதித்தேன். "ரெண்டு பேருமே இருங்கப்பா" என்று சிரித்தாள். அன்றிலிருந்து அவள் அறைக்குள் நான் கால் வைத்ததில்லை. பயந்தால் உருண்டு சுருண்டு தலையை உள்ளே வைத்துக்கொள்ளும், அதனால் சும்மாடு என்று பெயர் வைத்திருக்கிறாள். தலைச்சுமைக்கு அடியில் வைக்கிற துணிச் சும்மாடு போலத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் படுத்தபடியே அவள் சொல்லச் சொல்ல ருக்மணி எழுதிய தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. உயிர் எலி வாங்கினால் அதற்கும் தீனி, தண்ணீர் வைக்க வேண்டுமாம். வயிறு நிறைந்த எலியைத்தான் உள்ளே விட வேண்டுமாம். விட்டால் பக்கத்திலேயே உட்கார வேண்டுமாம். கால் மணி நேரத்தில் பாம்பு பிடிக்கவில்லையென்றால் எலியை வெளியே எடுத்துவிட வேண்டுமாம். தனியாக விட்டுப் போகவே கூடாது என்பதற்கு மட்டும் இரண்டு கோடு.

சாகப் போகிற எலிக்கு விருந்து வைக்கச் சொல்கிறாள் என் மகள். நல்ல கூத்து.

ஜூன் 4, புதன்

தண்ணீர் மாற்றினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விடவில்லை, இடுக்கியால் கிண்ணத்தை எடுத்தேன். பாம்பு அசையவே இல்லை. எனக்குத்தான் வியர்வையில் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

எதிர்வீட்டு சகுந்தலா அக்கா ரசம் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"ஏனுங் கண்டக்டரே, எப்பிடித்தான் உளுந்தீங்க? நீங்க அவ்வளவு பதனமா ஓட்டறவராச்சே."

நாய் குறுக்கே வந்துவிட்டது என்றேன். ஸ்கூட்டரைப் போர்வை போட்டு மூடிவைத்திருக்கிறேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும், அது ஆறிவிட்டது.

மதியம் ருக்மணி கூப்பிட்டாள். "ஏனுங்க, பாப்பா உங்ககிட்ட பேசோணுங்கறா, தரட்டுங்ளா?" தண்ணி வந்திருக்கு, பிடிச்சுட்டுக் கூப்பிடறேன் என்று வைத்துவிட்டேன்.

தண்ணீர் நேற்றே வந்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

சும்மாடு கடைசியாகத் தின்றது மே 15. இன்று எலி வாங்கப் போனேன். குனியமுத்தூரில் சித்திக் என்பவர் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு வெள்ளெலி வளர்க்கிறார். நாறும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன். நாறவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் வைக்கோல், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைக் குழாய், தண்ணீர்ப் புட்டி என்று சில லாட்ஜுகளை விடச் சுத்தமாக இருக்கிறது.

"பாப்பா எப்பிடி இருக்குதுங்க?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். நடுத்தர எலி ஒன்றை அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். கூடவே ஒரு பொட்டலம் தீனி.

"அது எதுக்குங்க? நாளைக்கு உள்ள போறதுதான?"

"நாளைக்குதானுங்க போவுது. இன்னைக்கு அதுக்குப் பசிக்குமில்லீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்றாலும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெட்டி சமையலறை மூலையில் இருக்கிறது. உள்ளே பிராண்டுகிற சத்தம் கேட்கிறது. ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

ஜூன் 9, திங்கள்

காலை 8.05க்கு எலியை உள்ளே விட்டேன். தண்ணீர்க் கிண்ணத்தைத் தட்டிவிடும் என்று அதை முதலிலேயே வெளியே எடுத்துவைத்தேன். 8.20 வரை பாம்பு தலையைத் தூக்கவில்லை. எடுக்க வேண்டிய நேரம். இடுக்கியைத் தேடும்போது ருக்மணி கூப்பிட்டாள். இரண்டாவது ஆபரேஷன் நாளைக்கு இல்லை, இன்றைக்கே, பன்னிரண்டு மணிக்கு. "நீங்க வந்துருங்க. அவ உங்களத்தான் கேக்கறா."

உடனே கிளம்பிவிட்டேன். காந்திபுரத்தில் கொஞ்சம் வேலை இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் 6.10. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று போனிலேயே ருக்மணி சொல்லிவிட்டாள். அப்போதுதான் எலி ஞாபகம் வந்தது.

எலி முழுசாக இருந்தது. வாயெல்லாம் ரத்தம். சும்மாடு மூலையில் இறுகச் சுருண்டிருந்தான். முதுகில் நாலு இடத்தில் தோல் இல்லை. ஓரிடத்தில் சிவப்பாகச் சதை தெரிந்தது. அவ்வளவு பெரிய உடம்பு, எலியைத் திருப்பி ஒரு போடு போடக்கூடாதா? தலையை மட்டும் உள்ளே மறைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கியிருக்கிறான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எலியைத் தூக்கித் தரையில் விட்டு, செருப்பைக் கையில் எடுத்தேன். அது ஓடவில்லை. நேராகப் போய் நான் வெளியே வைத்திருந்த கிண்ணத்தில் வாயை வைத்தது. குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. செருப்பை ஓங்கிக்கொண்டு நான் நிற்கிறேன், அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

செருப்பைக் கீழே போட்டேன். காலையில் மிச்சம் வைத்திருந்த இட்லியில் ஒரு துண்டைப் பிய்த்துப் போட்டேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தின்றது. நேற்று மதியத்திலிருந்து அது ஒன்றும் தின்னவில்லை என்று அப்போதுதான் கணக்குப் போட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

சும்மாட்டைத் தலையணை உறையில் போட்டு, அதை ஓட்டை போட்ட டப்பாவில் வைத்து, ஆட்டோவில் டாக்டரிடம் போனேன். டப்பாவில் என்ன என்று ஆட்டோக்காரர் கேட்டார். சும்மாடு என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

டாக்டர் கிரேஸ்லின் நாய் பூனையோடு பாம்பு, ஆமை எல்லாம் பார்க்கிறார். என் மகள் வயதை விட நாலைந்து கூட இருக்கும். நடந்ததைக் கேட்டுக்கொண்டே காயத்தைக் கழுவினார். நான்தான் தாங்காமல், "அந்த எலிக்கு எவ்வளவு கொழுப்பு பாருங்க டாக்டர்" என்றேன்.

"எலி மேல ஏன் சார் கோவப்படறீங்க? ஒரு நாளுக்கு மேல பட்டினி போட்டிருக்கீங்க, தண்ணியும் இல்ல. தன்னைத் திங்கற ஒண்ணோட அடைச்சும் வெச்சிருக்கீங்க. அது வேற என்ன பண்ணும்?"

நான் டப்பாவின் ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அந்தப் பெட்டியில பாம்பாலயும் வெளிய போக முடியாது, எலியாலயும் முடியாது. வெளிய போக முடிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். நீங்களும் போய்ட்டீங்க."

திட்டின மாதிரிகூட இல்லை, சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார். மூன்று நாளுக்கு ஒரு ஊசி, ஐந்து தடவை. தினமும் காயத்துக்கு மருந்து. கீழே வெள்ளைத் தாள் மட்டும் விரிக்க வேண்டும். காயம் ஆறும் வரை தீனி கூடாது. உயிர் எலி இனி கூடவே கூடாது.

"பொழச்சுக்குவானுங்களா?"

"புண்ணுல சீழ் வைக்காம பாத்துக்கிட்டா பொழைப்பான்."

ஜூன் 11, புதன்

மருந்து போட அவனைக் கையில் எடுக்க வேண்டும். இடுக்கியால் முடியாது. எடுத்தேன். வழவழவென்று ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஈரமே இல்லை. மருந்து பட்டபோது உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் போயிற்று. "இல்ல சாமி, இல்ல சாமி, ஆச்சு" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். சிந்து சின்னதில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தால் இப்படித்தான் சொல்வேன்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ருக்மணி கூப்பிட்டாள். சும்மாடு சாப்பிட்டானா என்று பாப்பா கேட்கிறாளாம். சாப்பிட்டான், நல்லா சாப்பிட்டான் என்றேன். அந்தப் பக்கம் சிந்து சிரித்தது கேட்டது. "இந்தக் கூத்து நடந்ததுக்கப்பறம் இப்பத்தானுங்க சிரிக்கறா" என்றாள் ருக்மணி.

சோற்றைப் பாதியில் மூடிவைத்தேன்.

ஜூன் 14, சனி

நேற்று இரண்டாவது ஊசி. இன்று சீழ் இல்லை.

எலியைச் சித்திக்கிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று பெட்டியைத் தூக்கினேன். வைத்துவிட்டேன். பழைய பறவைக் கூண்டு பரணில் இருந்தது, இறக்கிக் கழுவினேன். நிலக்கடலை என்றால் அதற்கு உயிர்.

ஒன்று எழுத வேண்டும். இந்த டைரியில் முப்பத்தோரு வருடமாகப் பொய் எழுதியதில்லை. திங்கட்கிழமை காந்திபுரத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. சேலம் பஸ்ஸில் ஏறத்தான் போனேன். 9.15 வண்டி, 9.35 வண்டி, 10 மணி வண்டி. ஒவ்வொன்றிலும் படியில் கால் வைத்தேன். பழகின கண்டக்டர் ஒருவர், "வாங்கண்ணா, முன்னாடி சீட்டு இருக்குது" என்று கூப்பிட்டார். ஆள் வர வேண்டும் என்றேன். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு அவளை உள்ளே கொண்டு போயிருப்பார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நாலரைக்கு ருக்மணி போன் செய்யும் வரை.

ஜூன் 17, செவ்வாய்

சித்திக்கிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

"பாப்பாவுக்கே இந்த உயிர் எலி போடறதுல மனசு இல்லீங்க. செத்ததுக்குப் பழக்கோணும் பழக்கோணும்னு சொல்லீட்டே இருந்துச்சு. சும்மாடுதான் தொடமாட்டேன்னு அடம்."

ஒரு பெட்டியைக் காட்டினார். எலிகளை அவற்றின் வைக்கோலோடு உள்ளே வைத்து, மெதுவாக வாயுவை விட்டால் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுமாம், பிறகு எழாதாம். அவசரப்பட்டு ஒரேயடியாகத் திறந்துவிட்டால் திணறும், அதனால் கூடவே நிற்பாராம். அப்புறம் உறைய வைத்துப் பாம்பு வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கிறார்.

"கஷ்டமா இருக்காதுங்களா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"இருக்குமுங்க. இல்லாம போச்சுன்னா இந்தத் தொழில உட்டுரோணும்."

நாலு உறைந்த எலி வாங்கி வந்தேன். குளிர்ப்பெட்டியில் தனி டப்பா, மேலே துணி சுற்றி, அதற்கு மேல் 'திறக்காதே' என்று எழுதி ஒட்டினேன். ருக்மணி பார்த்தால் பாம்பை விட்டுவிட்டு என்னைத்தான் வீட்டை விட்டுத் துரத்துவாள்.

ஜூன் 22, ஞாயிறு

ஐந்தாவது ஊசி முடிந்தது. மூன்று காயம் காய்ந்துவிட்டது. பெரியது மட்டும் மெல்ல ஆறுகிறது, தோல் உரிந்தால் சரியாகும், தழும்பு நிற்கும் என்றார் டாக்டர். ஒரு வாரம் கழித்துத் தீனி காட்டிப் பார்க்கலாம்.

ருக்மணி சொல்கிறாள், சிந்துவை எழுப்பி நிறுத்தப் பார்க்கிறார்களாம். மாட்டேன் என்கிறாளாம். "யாரு சொன்னாலும் கேக்க மாட்டீங்கறா. நீங்க ஒரு வார்த்த பேசுங்களேன்." சிக்னல் சரியில்லை என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள். ருக்மணி கோபப்பட்டுக் கத்துவாள், இப்படிப் பேசாமல் வைத்ததில்லை.

ஜூன் 28, சனி

எலியைக் கீழ்த்தட்டில் வைத்து உறைவு போக்கி, கவரில் போட்டு வெந்நீரில் சூடேற்றி, இடுக்கியில் பிடித்துக் காட்டினேன். முகர்ந்து பார்த்தான். திரும்பிக்கொண்டான். கை வலிக்கும் வரை பிடித்திருந்தேன். முடியாது என்றுவிட்டான்.

தின்னாமலே போய்விடுவானோ? மே 15க்கு அப்புறம் வயிற்றில் ஒன்றும் இல்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். இந்த இனம் மாதக்கணக்கில் தாங்கும், நீங்கள் முதலில் சாப்பிடுங்கள் என்றார். நான் சாப்பிடவில்லை என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

ஜூலை 2, புதன்

6.42க்குப் பிடித்தான்!

அறையை இருட்டாக்கிவிட்டு, எலியின் தலையை மட்டும் கொஞ்சம் கூடச் சூடாக்கி, மெல்ல அசைத்தேன். ஒரே பாய்ச்சல். இடுக்கியோடு நானும் பின்னால் விழுந்தேன். கத்தியதில் சகுந்தலா அக்கா ஓடிவந்து, "பாம்பு கடிச்சுருச்சா?" என்றார். "தின்னுட்டானுங்க்கா, தின்னுட்டான்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அறுபது வயதில் இது தேவையா?

யாரும் பயப்படவில்லை. யாருக்கும் வலிக்கவில்லை. இதற்குத்தான் சிந்து ஆசைப்பட்டாள். உடனே அவளிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. போனை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான், இதைச் சொன்னால் ஏற்கனவே தின்றான் என்றது பொய்யென்று சொல்ல வேண்டும், பொய் ஏன் என்றால் காயத்தைச் சொல்ல வேண்டும், காயம் ஏன் என்றால் காந்திபுரத்தைச் சொல்ல வேண்டும், காந்திபுரம் ஏன் என்றால்.

நாய் வரவில்லை. மே 25 காலை 10.50, துடியலூர் ஸ்டாப்பில் பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் இடது பக்கமாகப் புகுந்தேன். வண்டி எப்போது எடுக்கும், எவ்வளவு இடம் விடும் என்று எனக்குத் தெரியாததா என்கிற திமிர். ஒருவர் படியிலிருந்து இறங்கினார், திருப்பினேன், விழுந்தோம். இடது பக்கம் ஏறாதே, ஆள் இறங்குது என்று முப்பத்தோரு வருடம் படியில் நின்று தொண்டை கிழியக் கத்தியவன் நான்.

எழுதிவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

எலியின் கூண்டைச் சகுந்தலா அக்காவிடம் கொடுத்துவிட்டு, தீனி, தண்ணீர், கடலை எல்லாம் தாளில் எழுதிக் கொடுத்தேன். "எலிக்கா இத்தன?" என்றார். ஆமாங்க்கா என்றேன். 9.35 வண்டி. ஏறினேன்.

நாலு மணிக்கு வார்டில் போய் நின்றேன். ருக்மணி என்னைப் பார்த்துவிட்டு, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போவது போல் வெளியே போய்விட்டாள். பிளாஸ்க் நிறைய டீ இருந்தது.

சிந்து இளைத்துப் போயிருந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றேன்.

"சும்மாட்ட எலி கடிச்சிருச்சு கண்ணு. நான் பட்டினி எலிய உள்ள உட்டுட்டுப் போய்ட்டேன். சாப்பிட்டான்னு சொன்னது பொய்யி. இப்ப ஆறிருச்சு. முந்தாநேத்து செத்த எலியத் தின்னுட்டான்."

அவள் கண் பெரிதாயிற்று. "செத்ததையா? நெசமாவா?" என்றாள். அப்புறம், "அந்த எலி என்னாச்சுங்கப்பா?"

"இருக்குது. வீட்லதான் இருக்குது. கடல திங்குது."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற என்னமோ சொல்ல வந்திருக்கீங்க" என்றாள்.

"நாய் வரலை. பஸ் நின்னுட்டு இருந்துச்சு. நாந்தான் எடது பக்கமா..."

"தெரியுமுங்கப்பா. வண்டில நானுந்தான இருந்தேன்."

அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. நாற்பது நாள் யாரிடமிருந்து எதை ஒளித்துக்கொண்டு திரிந்தேன்?

"கீழ உளுந்து கெடக்கறப்பவே தெரியும். அதுக்கா நான் கோவிச்சுக்குவேன்? கோயமுத்தூர்ல வராண்டாவுலயே நின்னீங்க. இங்க வரவே இல்ல. கதவு தெறக்கறப்பெல்லாம் நீங்கதான்னு பாத்தேன்." போர்வை விளிம்பை இழுத்துக்கொண்டாள். "நாப்பது நாளாச்சு. வலிக்குதான்னு ஒரு தடவகூட நீங்க கேக்கலீங்கப்பா."

கால்மாட்டிலிருந்து எப்படித் தலைமாட்டுக்குப் போனேன் என்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குதா கண்ணு?"

"ரொம்ப வலிக்குதுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளை போல வாய்விட்டு அழுதாள். ஆறு மணிக்கு நர்ஸ் வந்து நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லும் வரை கையை விடவில்லை.

ஜூலை 5, சனி

சாயங்காலம் 4.05க்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அடிக்கு அடி கேட்டேன். அடிக்கு அடி வலிக்கிறது என்றாள். ஆறடி நடந்தாள்.